தயவு வேண்டாம், புரியும்படி சொல்லுங்கள்

அரச வைத்தியசாலைக் கட்டிலில் கிடக்கும் நோயாளி, அங்கு கடமையாற்றுவோரிடமிருந்து எதை எதிர்பார்க்கலாம்? மலையகத்தில் இக்கேள்வியை யாரிடம் கேட்டாலும் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கும். "நல்ல மிஸியாக அமைந்தால் நன்றாகப் பார்ப்பார்கள்." "டாக்டர் ஐயா நல்ல மனுசர் என்றால் பயமில்லை." அமைந்தால், என்றால் என்னும் இந்த நிபந்தனைச் சொற்களோடுதான் எனக்குச் சண்டை. தபாற்கந்தோருக்கு முத்திரை வாங்கப் போகிறவர் அங்கிருக்கும் எழுதுவினைஞர் நல்லவரா கெட்டவரா என்று சாமி கும்பிட்டுவிட்டுப் போவதில்லை. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வைத்தியசாலைக்குப் போகிறவர் மட்டும் அதிர்ஷ்டத்தை நம்பிப் போகவேண்டியிருக்கிறது. நோயாளிக்குக் கிடைக்கவேண்டியது தயவு அன்று. அது அவருக்கு உரியது. இதை மலையகத்துத் தமிழ் பேசும் மக்களும் இன்னும் நம்பவில்லை. அவர்களுக்குப் பணியாற்றவேண்டியவர்களும் நம்பவில்லை. இரண்டாவதைவிட முதலாவதே எனக்குப் பெரிய கவலை.

ஓர் இடத்தைக் கண்முன் வைத்துக்கொண்டு பேசுவோம். கண்டியிலிருந்து பல்லேகல, திகன ஊடாக மஹியங்கனைக்குச் செல்லும் வீதியில் இருக்கிறது தெல்தெனிய. பழைய தெல்தெனிய நகரம் இன்று நீருக்கடியில். மகாவலித் திட்டத்தின் கீழ்க் கட்டப்பட்டு 1985இல் திறக்கப்பட்ட விக்டோரியா நீர்த்தேக்கம் அதனை விழுங்கியது. கடும் வரட்சிக் காலங்களில் நீர்மட்டம் இறங்கும்போது அந்நகரத்தின் எச்சங்கள் வெளியே தெரியும். பார்ப்பதற்குக் கண்டியிலிருந்து கூட்டம் கூட்டமாக ஆட்கள் போவார்கள். இன்றைய நகரம் மேட்டு நிலத்தில் புதிதாக எழுந்தது. அதன் ஆதார வைத்தியசாலைதான் சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் முதல் அடைக்கலம். தும்பறைப் பகுதியின் சிங்களக் கிராமத்தவர், வீதியோர நகரங்களின் முஸ்லிம்கள், ரங்கல, ஹுன்னஸ்கிரிய முதலான மலைச்சரிவுகளின் தோட்டத் தொழிலாளர் என்று மூன்று சமூகத்தவரும் கூடும் வட்டாரம் அது.

அவ்வைத்தியசாலையின் ஊழியர்மீது நான் இங்கு குற்றப்பத்திரிகை வாசிக்கவில்லை. இத்தகைய வட்டாரம் ஒன்றில் அரச வைத்தியசாலை எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு அதனை ஓர் அளவுகோலாக எடுத்துக்கொள்கிறேன். கம்பளையைச் சொன்னாலும் நாவலப்பிட்டியைச் சொன்னாலும் கதை பெரிதாக மாறாது. 2012ஆம் ஆண்டுச் சனத்தொகைக் கணக்கெடுப்பின்படி கண்டி மாவட்டத்தில் வாழ்ந்தோர் ஏறத்தாழ 13 இலட்சத்து 70 ஆயிரம் பேர். அவர்களில் தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து ஏறக்குறைய நாலில் ஒரு பங்கினர். நாலு கட்டில்களில் ஒரு கட்டிலில் தமிழ் பேசும் ஒருவர் படுத்திருக்கக்கூடிய மாவட்டத்தில், "தமிழ் தெரிந்த யாராவது இருக்கிறார்களா?" என்று தாதி விடுதியைச் சுற்றிப் பார்த்துக் கேட்பது தற்செயலான சிரமம் அன்று. அது நிர்வாகத்தின் தோல்வி.

சட்டம் என்ன சொல்கிறது?

நம்மில் பலர் 1956ஐ மறக்கமாட்டோம். 1988ஐ நினைவில் வைத்திருப்பதில்லை. 1987இன் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அதற்கடுத்த ஆண்டில் வந்த பதினாறாவது திருத்தம் அதற்கு நடைமுறை வடிவம் கொடுத்தது. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையை ஒருமுறை நிதானமாக வாசித்துப் பாருங்கள். சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பிரதேசத்திலும், எந்தவொரு உத்தியோகத்தருடனும் தமிழிலோ ஆங்கிலத்திலோ தொடர்புகொள்ளவும், அம்மொழியிலேயே பதில் பெறவும் பொதுமகனுக்கு உரித்து உண்டு. தமக்கு வழங்கப்படுவதற்கென உத்தியோகத்தர் ஒருவர் ஆக்கும் ஆவணத்தையோ அதன் மொழிபெயர்ப்பையோ தமிழிலோ ஆங்கிலத்திலோ பெற்றுக்கொள்ளும் உரித்தும் உண்டு.

அரச வைத்தியசாலையின் வைத்தியரும் தாதியும் மருந்தாளரும் உத்தியோகத்தர்களே. நோயாளி பொதுமகன். "எங்கே வலிக்கிறது?" என்ற கேள்வி உத்தியோகபூர்வமான தொடர்பு. வீடு திரும்பும்போது கையில் தரப்படும் அட்டை உத்தியோகபூர்வமான ஆவணம். இதைப் புரிந்துகொள்ளச் சட்டத்தரணி தேவையில்லை. இரு மொழிப் பிரதேச செயலகப் பிரிவுகள் எவை, எவை அல்ல என்ற விவாதமும் இங்கு எழவேண்டியதில்லை. சிங்களம் மட்டும் நிர்வாக மொழியாக உள்ள பிரிவிலேயே செல்லுபடியாகும் உரித்தைப் பற்றித்தான் நான் பேசுகிறேன்.

அடுத்தது 2007. அவ்வாண்டு ஜூலை முதலாந் திகதியிலிருந்து அரச சேவையில் சேர்வோர் ஐந்தாண்டுகளுக்குள் இரண்டாவது அரசகரும மொழியில் தேர்ச்சி பெறவேண்டும் என்று 7/2007 இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கை விதித்தது. பின்னர் வந்த சுற்றறிக்கைகள் விவரங்களை மாற்றின, கொள்கையை மாற்றவில்லை. அவ்வாண்டில் சேர்ந்தவர்கள் இன்று சிரேஷ்ட உத்தியோகத்தர்கள். அவர்களில் பலர் பரீட்சையில் சித்தியடைந்திருப்பார்கள். ஆனால் பரீட்சை மண்டபத்தில் எழுதிய தமிழ் விடுதிக் கட்டிலருகே வாயைத் திறப்பதில்லை. பரீட்சை சான்றிதழைத்தான் சோதிக்கிறது. நோயாளியின் முன் நின்று பேச முடிகிறதா என்பதை யாரும் சோதிப்பதில்லை.

முன்பு மொழி இருந்தது, மருந்து இல்லை

இதில் கசப்பான முரண் ஒன்றுண்டு. தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கென 1872இலேயே ஆங்கிலேயர் சட்டம் கொண்டுவந்தார்கள். தொழிலாளி செத்துப்போனால் கோப்பிக்கும் தேயிலைக்கும் நட்டம் என்ற கணக்கு அதில் இருந்தது. அதன் பின்னர் நூறாண்டுக்கும் மேலாகத் தோட்டத்து மக்களின் வைத்தியம் தோட்டத்து டிஸ்பென்சரியோடு முடிந்தது. அங்கே வசதி குறைவு, மருந்து குறைவு. "டாக்டர் ஐயா" என்று அழைக்கப்பட்டவர் பல இடங்களில் பட்டம் பெற்ற வைத்தியரே அல்லர். ஆனால் அவர் கேட்ட கேள்வி பெரும்பாலும் தமிழில் இருந்தது. லயத்தில் யாருக்கு என்ன நோய், எந்தப் பிள்ளைக்கு எப்போது காய்ச்சல் வந்தது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது.

பிற்காலத்தில் தோட்டத்து ஆஸ்பத்திரிகள் பலவற்றை அரசு பொறுப்பேற்றது. தொழிலாளரும் அரச வைத்தியசாலைகளை நாடத் தொடங்கினர். இதை நான் வரவேற்கிறேன். பட்டம் பெற்ற வைத்தியர், ஆய்வுகூடம், சத்திரசிகிச்சைக்கூடம், இரத்த வங்கி எல்லாம் கிடைத்தன. தோட்டத்துத் துரையின் தயவிலிருந்து வெளியேறி நாட்டின் பொதுச் சேவைக்குள் வந்தது பெரிய முன்னேற்றம். ஆனால் வாசலைத் தாண்டியதும் நாக்கு கட்டப்பட்டுவிடுகிறது. அன்று மொழி இருந்தது, மருந்து இல்லை; இன்று மருந்து இருக்கிறது, மொழி இல்லை. இரண்டையும் ஒருங்கே கேட்பது பேராசையா?

மொழி இல்லாவிட்டால் என்ன ஆகும்?

"மொழி என்பது உணர்ச்சிப் பிரச்சினை, வைத்தியத்துக்கு மருந்துதான் முக்கியம்" என்று சொல்லும் படித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகச் சில சாதாரண விடயங்களைச் சொல்கிறேன்.

இன்சுலின் ஏற்றவேண்டிய நீரிழிவு நோயாளி ஒருவருக்கு, ஊசியைச் சாப்பாட்டுக்கு முன்னர் போடவேண்டும், போட்டபின் சாப்பிடாமல் இருக்கக்கூடாது என்று சொல்லப்படுகிறது. சிங்களத்தில் "கேமட்ட பெர" என்றால் சாப்பாட்டுக்கு முன். "கேமட்ட பஸ்ஸே" என்றால் பின். இந்த இரண்டு சொற்களையும் மாற்றிப் புரிந்துகொண்டாலோ, "சாப்பிடாமல் இருக்காதே" என்ற பாதி காதில் ஏறாவிட்டாலோ, காலையில் ஊசியைப் போட்டுக்கொண்டு வெறும் பிளேன்டியோடு மலையேறும் கொழுந்தெடுக்கும் பெண் பதினொரு மணிக்குத் தேயிலைச் செடிகளுக்கிடையே மயங்கி விழுவாள். இரத்தத்தில் சீனி அளவுக்கதிகமாக இறங்கினால் உயிரே போகும். இங்கே மருந்து சரியானது, அளவு சரியானது, வைத்தியர் திறமையானவர். தவறியது ஒரு சொல்.

ஊசி மருந்து ஏற்றுவதற்கு முன்னர் கேட்கவேண்டிய கேள்வி, "உங்களுக்கு எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா?" என்பது. 2023 ஜூலையில் பேராதனைப் போதனா வைத்தியசாலையில் நுண்ணுயிர்க்கொல்லி ஊசி ஏற்றப்பட்டபின் 21 வயது யுவதி ஒருவர் இறந்தது நாடெங்கும் பேசப்பட்டது. அந்தச் சம்பவத்துக்கும் மொழிக்கும் தொடர்பில்லை. ஆனால் ஒவ்வாமை என்பது எவ்வளவு விரைவில் உயிரைக் குடிக்கக்கூடியது என்பதை அது எல்லோருக்கும் உணர்த்தியது. அந்த ஒரு கேள்விக்குச் செலவில்லை, கருவி தேவையில்லை. நோயாளிக்குப் புரியும் மொழி மட்டும் வேண்டும். புரியாத மொழியில் கேட்கப்படும்போது நம்மவர் என்ன செய்கிறார்கள்? தலையாட்டுகிறார்கள். பயத்தில் ஆட்டும் தலை "இல்லை" என்ற பதிலாகக் கொள்ளப்படுகிறது.

மூன்றாவது, கையொப்பம். சத்திரசிகிச்சைக்குச் சம்மதம் தெரிவித்து நோயாளி ஒப்பமிடவேண்டும். புரியாத தாளில் இட்ட ஒப்பம் சம்மதமாகுமா? 1980களில் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துகொள்வோருக்கு அரசே பணம் கொடுத்த காலம் ஒன்றிருந்தது. தோட்டப் பெண்களிடம் அத்தகைய சிகிச்சைக்குப் பெறப்படும் சம்மதத்தின் தரத்தைப் பற்றி மானிடவியல் ஆய்வாளர் சசிகுமார் பாலசுந்தரம் 2011இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை கடுமையான கேள்விகளை எழுப்பியது. விளங்காமல் இட்ட ஒப்பம் ஒரு பெண்ணின் உடலையும் குடும்பத்தையும் என்றென்றைக்கும் மாற்றிவிடக்கூடியது.

நான் நேரில் கண்ட ஒன்றையும் சொல்லவேண்டும். மலையக வைத்தியசாலை ஒன்றின் பெண்கள் விடுதி. எந்த வைத்தியசாலை என்பது வேண்டாம். நாற்பது வயதுத் தாய் ஒருத்திக்குக் கர்ப்பப்பையில் கோளாறு. வைத்தியர் பொறுமையாக, நல்ல முறையில்தான் விளக்கினார், ஆனால் சிங்களத்தில். அதைத் தமிழில் சொல்லவேண்டிய பொறுப்பு பன்னிரண்டு வயது மகளின் தலையில் விழுந்தது. பிள்ளை சிங்களம் பேசும் சிறுவர்களோடு விளையாடிப் பழகியவள். "அம்மா, உள்ளுக்குக் கட்டியாம்… வெட்டணுமாம்" என்றாள். மிகுதியைச் சொல்ல அவளிடம் சொல் இருக்கவில்லை. இருந்தாலும் வெட்கம் விடவில்லை. தாய்க்குப் புற்றுநோயோ என்ற பயம். மகளுக்குத் தாய் செத்துவிடுவாளோ என்ற பயம். வைத்தியர் சொன்னதில் ஆறுதலான பாதி அவர்களைச் சென்றடையவே இல்லை.

இப்போது கடல் கடந்து வாழும் வாசகர்களை ஒரு கணம் அழைக்கிறேன். நோர்வேயில் 2022 ஜனவரி முதல் நடைமுறையிலுள்ள மொழிபெயர்ப்பாளர் சட்டம், பொது நிறுவனங்கள் தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரைப் பயன்படுத்தவேண்டிய சந்தர்ப்பங்களை வகுத்திருக்கிறது. பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராகப் பயன்படுத்துவதைப் பொதுவாகத் தடைசெய்கிறது. அவுஸ்திரேலியாவில் 131 450 என்ற இலக்கத்தை அழைத்தால் தொலைபேசியிலேயே தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார். லண்டன் வைத்தியசாலைகளில் நம் பெற்றோருக்கு இலவசமாக மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வது புதுமை அன்று. ஒஸ்லோவில் தமிழ் அரசகரும மொழி அன்று, சிட்னியிலும் அன்று. தமிழ் அரசகரும மொழியாக அரசியலமைப்பில் எழுதப்பட்டிருக்கும் நாட்டிலே, இரண்டு நூற்றாண்டுகளாகத் தேயிலைக்கும் கோப்பிக்கும் உழைத்த பரம்பரையில் வந்த ஒருத்தி, மகளின் பள்ளிக்கூடச் சிங்களத்தில் தன் நோயைத் தெரிந்துகொள்கிறாள். இதற்கு வெட்கப்படவேண்டியவர் அவளல்லர்.

சொல்லப்படும் சாக்குகள்

முதலாவது சாக்கு: "எல்லாம் இலவசமாகத்தானே கிடைக்கிறது, குறை சொல்லலாமா?" இலவசம் என்ற சொல்லைப் போல நம்மை ஏமாற்றிய சொல் வேறில்லை. இலங்கையின் பொதுச் சுகாதார சேவை உலகம் மெச்சும் சேவை. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அது யாரும் போடும் பிச்சை அன்று. வரிப்பணத்தில் நடப்பது. லயத்தில் இருப்பவர் வரி கட்டுவதில்லை என்று நினைப்போர், அவர் வாங்கும் சீனியிலும் மண்ணெண்ணெயிலும் சவர்க்காரத்திலும் யாருடைய வரி அடங்கியிருக்கிறது என்று சிந்திக்கட்டும். நாட்டின் அந்நியச் செலாவணியில் தேயிலை கொண்டுவந்த பங்கைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

இரண்டாவது சாக்கு: "ஆளணி இல்லை, வேலைப்பளு." இது பொய்யன்று. 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் வைத்தியரும் தாதியரும் பெருமளவில் நாட்டை விட்டுச் சென்றனர். அவ்வாண்டு மார்ச் இறுதியில் மருந்துத் தட்டுப்பாட்டால் பேராதனைப் போதனா வைத்தியசாலை, அவசர சிகிச்சைகள் தவிர்ந்த சத்திரசிகிச்சைகளை நிறுத்தவேண்டிய நிலைக்கே வந்தது. இரவுக் கடமையில் ஒரு விடுதியைத் தனியாகக் கட்டிக்காக்கும் தாதியின் களைப்பை நான் அறிவேன். அவரை ஏசும், அடிக்கப் பாயும் உறவினர்களையும் கண்டிருக்கிறேன். அத்தகையோருக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் வேலைப்பளு எல்லா நோயாளிகளுக்கும் பொதுவானது. அதே களைப்போடு அதே தாதி சிங்கள நோயாளிக்கு இரண்டு வசனம் விளக்குகிறார். அந்த இரண்டு வசனம் பக்கத்துக் கட்டிலுக்கு ஏன் கிடைப்பதில்லை என்பதுதான் கேள்வி. ஆளணிக் குறைவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. சொல்லப்போனால், புரியாமல் தவறாக மருந்தெடுத்துத் திரும்பவும் வந்து சேரும் நோயாளியால் வேலை கூடுகிறதே தவிரக் குறைவதில்லை.

மூன்றாவது சாக்கு மிகவும் நாகரிகமானது: "அட்டையை ஆங்கிலத்தில்தானே தருகிறோம், அரசியலமைப்பும் தமிழிலோ ஆங்கிலத்திலோ என்றுதானே சொல்கிறது?" சட்டத்தின் எழுத்தைப் பிடித்துக்கொண்டு அதன் உயிரை விடும் வாதம் இது. டயக்னோஸிஸ் காட் எல்லோருக்கும் ஆங்கிலத்தில்தான் எழுதப்படுகிறது, உண்மை. ஆனால் சிங்கள நோயாளிக்கு அந்த அட்டையைக் கொடுக்கும்போது அவர் மொழியில் வாயால் விளக்கம் கிடைக்கிறது. தமிழ் நோயாளிக்கு ஆங்கில அட்டை மட்டும் கிடைக்கிறது; விளக்கம் கிடைப்பதில்லை. "தமிழிலோ ஆங்கிலத்திலோ" என்ற தெரிவு குடிமகனுடையது; உத்தியோகத்தரின் வசதிக்காக எழுதப்பட்டதன்று.

நான்காவது சாக்கை நம்மவரே சொல்கிறார்கள்: "இந்நாட்டில் இருக்கிறோம், சிங்களத்தைப் படித்துக்கொண்டால் என்ன?" படித்துக்கொள்வோம், நல்லதுதான். கண்டிச் சீமையின் தமிழரும் முஸ்லிம்களும் கடைக்கும் பஸ்ஸுக்கும் வேண்டிய சிங்களத்தை என்றோ படித்துவிட்டார்கள். ஆனால் கடைச் சிங்களம் வேறு. வைத்தியசாலைச் சிங்களம் வேறு. பிரசவ வேதனையிலும், மாரடைப்பிலும், பக்கவாதத்திலும் கற்ற மொழி கைவிடும்; பெற்ற மொழிதான் வாயில் வரும். மனிதன் மிகவும் பலவீனமாக இருக்கும் நேரத்தில் அவனிடம் மொழிப் பரீட்சை வைப்பது நியாயமா?

நம்பிக்கையும் நோயும்

மொழி மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. 2018 பெப்ரவரியில் தெல்தெனியவில் தாக்கப்பட்ட சிங்களச் சாரதி ஒருவர் மார்ச் 3ஆந் திகதி உயிரிழந்தார். அடுத்த நாட்களில் இதே வீதியில், தெல்தெனியவிலும் திகனவிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. மார்ச் 6ஆந் திகதி நாடு முழுவதும் அவசரகாலநிலை பிரகடனம் செய்யப்பட்டது. அதற்கடுத்த ஆண்டு, குருநாகலில் முஸ்லிம் வைத்தியர் ஒருவர் சிங்களத் தாய்மாருக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்ற குற்றச்சாட்டு நாட்டையே உலுக்கியது. அதற்குச் சான்று கிடைக்கவில்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றத்தில் தெரிவித்தது. அவர் பின்னர் மீண்டும் பணியில் சேர்த்துக்கொள்ளப்பட்டார்.

இவற்றை ஏன் இங்கே நினைவூட்டுகிறேன்? விளக்கம் இல்லாத இடத்தில் வதந்தி குடியேறும். தன் உடலில் என்ன செய்யப்பட்டது என்று நோயாளிக்குத் தெளிவாகச் சொல்லாத வைத்தியசாலை, எந்த இனத்தவராயினும் அவரது சந்தேகத்துக்கு உரம் போடுகிறது. கடைவீதியில் பிரிந்து நிற்கும் மூன்று சமூகங்களும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுக்கும் ஒரே இடம் அரச வைத்தியசாலை. கலவரத்துக்குப் பின்னர் நல்லிணக்கக் கூட்டங்களுக்குச் செலவிட்ட பணத்தில் ஒரு சிறு பகுதியைத் தமிழில் பேசத்தெரிந்த தாதியரை விடுதிகளில் அமர்த்தச் செலவிட்டிருந்தால், மேடைப் பேச்சுகளைவிட அது அதிக நல்லிணக்கத்தை வளர்த்திருக்கும்.

எதை எதிர்பார்க்கலாம்?

இனி, தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு நேரடியான பதில். அரச வைத்தியசாலையில் தங்கும் நோயாளி எதிர்பார்க்கக்கூடியவை, கேட்டுப் பெறவேண்டியவை இவை:

1. அனுமதிக்கும்போதே நோயாளி எந்த மொழி பேசுபவர் என்பது அவரது பதிவில் குறிக்கப்படவேண்டும். இரத்தப் பிரிவைக் குறிப்பதைப் போல இதுவும் பாதுகாப்பு விபரம்தான்.

2. தம்மைப் பரிசோதிப்பவர் வைத்தியரா, மாணவரா, தாதியா என்பதை அறியும் உரிமை நோயாளிக்கு உண்டு. பெயரையும் பதவியையும் சொல்ல ஒரு நிமிடம்கூட வேண்டாம்.

3. என்ன நோய், என்ன செய்யப்போகிறார்கள், செய்யாவிட்டால் என்ன ஆகும், வேறு வழியுண்டா ஆகியவற்றைப் புரியும் மொழியில் சொல்லவேண்டும். நோயாளி விளங்கிக்கொள்ளும் வகையில் தகவல் தரப்படவேண்டும் என்று உலக மருத்துவச் சங்கம் லிஸ்பன் பிரகடனத்தில் சொல்லியிருக்கிறது.

4. சம்மதப் பத்திரம் தமிழில் இருக்கவேண்டும். விளக்குபவர் வயதுவந்தவராக, வைத்தியசாலைக்குப் பொறுப்புச் சொல்பவராக இருக்கவேண்டும். பிள்ளையோ, பக்கத்துக் கட்டில் நோயாளியோ, துப்புரவுத் தொழிலாளியோ அல்லர்.

5. டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது, மருந்தை எப்படி எடுப்பது, எந்த அறிகுறி கண்டால் உடனே திரும்பி வருவது, அடுத்த கிளினிக் எப்போது என்ற மூன்றாவது தமிழில் எழுதிக் கொடுக்கப்படவேண்டும்.

6. மரியாதை. வயது முதிர்ந்த பெண்ணை "மே, மே" என்று விரலால் அழைப்பதற்குச் சிங்கள மொழியைக் குறைசொல்ல முடியாது. "அம்மா" என்ற சொல் இரண்டு மொழியிலும் ஒன்றுதான். அதைச் சொல்ல எந்தப் பரீட்சையும் சித்தியடைய வேண்டியதில்லை. உடலைத் திறந்து பரிசோதிக்கும்போது திரையை இழுத்துவிடுவதற்கும் மொழி தேவையில்லை.

இவற்றில் எதுவும் கோடிக்கணக்கில் செலவாகும் விடயமன்று. 2016இல் இந்திய உதவியுடன் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி நாடெங்கும் விரிந்த 1990 சுவசெரிய நோயாளர் காவு வண்டிச் சேவையை அழைப்பவர் மூன்று மொழிகளிலும் பேசலாம். வீதியில் விழுந்து கிடப்பவருக்குத் தொலைபேசியில் தமிழில் பதில் சொல்ல முடிகிறதென்றால், விடுதிக் கட்டிலில் கிடப்பவருக்கு அதே தொலைபேசி வழியாக மொழிபெயர்ப்பாளரைத் தருவது முடியாத காரியமா? மலையகப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானப் பிரிவைப் பலப்படுத்தித் தமிழ் மொழிமூல மாணவரைத் தாதியர் பயிற்சிக்கு அனுப்புவது நீண்டகால வழி. தொலைபேசி மொழிபெயர்ப்பு நாளைக்கே செய்யக்கூடிய வழி.

நாம் செய்யவேண்டியது

நீதிமன்றம் இருக்கிறதே என்பீர்கள். அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின்படி மொழியுரிமை மீறப்பட்டாலும் உயர் நீதிமன்றத்துக்கு மனுச் செய்யலாம். ஒரு மாதத்துக்குள் செய்யவேண்டும். ஒரு நாள் பேர் போனால் அடுப்பெரியாத குடும்பத்திலிருந்து, தையல் பிரிக்காத வயிற்றோடு ஒருத்தி ஒரு மாதத்துக்குள் கொழும்புக்குப் போய்ச் சட்டத்தரணியைப் பிடிப்பாளா? மருத்துவத் தவறென்று வழக்காடுவது இன்னும் கடினம். 1992இல் இறந்த ஒரு குழந்தையின் தந்தை தொடுத்த வழக்கு 2001இல்தான் உயர் நீதிமன்றத்தில் முடிவுற்றது; வசதியும் கல்வியும் படைத்த அந்தக் குடும்பத்தாலும் இறுதியில் வெல்ல முடியவில்லை. ஆகவே நடந்தபின் நீதி தேடுவதைவிட, நடக்குமுன் விளக்கம் கேட்பதே ஏழைக்கு எட்டும் பாதுகாப்பு.

அதற்கு வேறு வழிகள் உண்டு. 1991இன் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு கடிதம் எழுதலாம், தமிழிலேயே எழுதலாம். 2016இன் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், உங்கள் பிரதேச வைத்தியசாலையில் எத்தனை பேர் தமிழ்த் தேர்ச்சி பெற்றிருக்கிறார்கள், அவர்கள் எந்தெந்த விடுதியில் கடமையாற்றுகிறார்கள், சம்மதப் பத்திரம் தமிழில் உண்டா என்று கேட்கலாம். கொடுப்பதா மறுப்பதா என்ற முடிவை 14 வேலைநாட்களுக்குள் தெரிவிக்கவேண்டும். ஒரு வைத்தியசாலைக்கு ஒரு விண்ணப்பம் போதும். பதில் வந்தால் உண்மை தெரியும். வராவிட்டால் அதுவும் ஒரு பதில்தான்.

மலையகத்தின் பெயரால் அரசியல் செய்வோருக்கும் ஒரு வார்த்தை. கட்டடத் திறப்பு விழாக்களில் உங்கள் பெயர் மூன்று மொழிகளிலும் பொறித்த நினைவுக்கல்லைப் பார்த்திருக்கிறேன். கல்லிலே மூன்று மொழி. உள்ளே விடுதியிலே ஒரு மொழி. பெயர்ப்பலகையின் தமிழில் எழுத்துப்பிழை இருந்தால் ஆவேசப்படுகிறோம், படவேண்டியதுதான். ஆனால் பெயர்ப்பலகைப் பிழையால் எவரும் சாவதில்லை. புலம்பெயர்ந்த நண்பர்களே, கட்டிலும் சக்கர நாற்காலியும் அனுப்புகிறீர்கள், நன்றி. அத்துடன் நீரிழிவு, இரத்த அழுத்தம், பிரசவத்துக்குப் பின்னான பராமரிப்பு ஆகியவற்றுக்கான அறிவுறுத்தல் அட்டைகளைச் சிங்களத்திலும் தமிழிலும் வைத்தியர் பார்த்துத் திருத்தித் தர, அச்சிட்டுக் கொடுங்கள். சக்கர நாற்காலியின் விலையில் ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு அது போய்ச் சேரும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கட்டிலில் கிடப்பவர் வாய் திறக்கவேண்டும். "எனக்கு விளங்கவில்லை, தமிழில் சொல்லுங்கள்" என்பது அவமரியாதை அன்று, அரசியல் அன்று, இனவாதமும் அன்று. விளங்காதபோது தலையாட்டாதீர்கள். விளங்கும்வரை ஒப்பமிடாதீர்கள். வைத்தியசாலை மக்களுடையது, அதில் பேசப்படும் மொழியும் மக்களுடையதாகவே இருக்கவேண்டும்.